பாலை நிறுத்தச் சொன்ன பிறகு பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். எட்டு வயது மகனுக்கு ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ் என்ற உணவுக்குழாய் நோய் இருப்பது எண்டோஸ்கோபியில் தெரிந்திருக்கிறது. அமிலம் குறைக்கும் மாத்திரை, விழுங்கும் ஸ்டீராய்டு, உணவுக் கட்டுப்பாடு என மூன்று வழிகளைச் சொன்ன மருத்துவர், முதலில் பாலை நிறுத்திப் பார்க்கலாம் என்றிருக்கிறார். பால் மட்டும் போதுமா? ஆட்டுப்பால் கொடுக்கலாமா? ரத்தப் பரிசோதனையில் ஒவ்வாமை என்று வந்த எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாமா? அப்புறம் பிள்ளை எதைச் சாப்பிட்டு வளர்வான்? எத்தனை காலத்துக்கு? தம்பிக்கும் நிறுத்த வேண்டுமா? இவையே அவருடைய கேள்விகள்.

இந்த ஊரில் குழந்தைகளுக்கு உணவு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா. மருத்துவர் சொன்ன வழி சரியான தொடக்கம். பாலை மட்டும் நிறுத்துங்கள், ஆனால் முழுதாக நிறுத்துங்கள். அதோடு வேறு எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நோய் என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஈசினோஃபில் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. நல்ல நிலையில் இருக்கும் உணவுக்குழாயின் உள்சவ்வில் அது இருக்காது. சில குழந்தைகளுக்கு அன்றாடம் சாப்பிடும் ஏதோ ஓர் உணவின் புரதத்தை உடல் எதிரியாக எடுத்துக்கொள்கிறது. அப்போது இந்த அணுக்கள் உணவுக்குழாயில் வந்து குவிந்து அதைப் புண்ணாக்கி வீங்க வைக்கின்றன. எண்டோஸ்கோபியில் எடுத்த சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஒரு பார்வைப் புலத்தில் 15 அல்லது அதற்கு மேல் ஈசினோஃபில் இருந்து, அறிகுறிகளும் பொருந்தி, வேறு காரணமும் இல்லையென்றால்தான் இந்த நோய் என்று சொல்வார்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் கூடியிருப்பதை வைத்து முடிவு கட்ட முடியாது. நம் பக்கத்தில் வயிற்றுப் பூச்சி இருந்தாலே அது கூடும். பல வருடங்கள் கவனிக்காமல் விட்டால் உணவுக்குழாய் தடித்துச் சுருங்கிப்போகும். சிகிச்சையின் நோக்கம் அதைத் தடுப்பதும்தான். அதனால் "இப்போ வாந்தி இல்லையே, பரவாயில்லை" என்று நிறுத்திவிட முடியாது.

உங்கள் மகன் ஒரு தோசையை முக்கால் மணி நேரம் மெல்வான், வாய்க்கு வாய் தண்ணீர் குடிப்பான், கறித் துண்டை ஒதுக்கிவிடுவான் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். நம் வீடுகளில் "சாப்பிடும்போது தண்ணி குடிக்காதே கண்ணு" என்று சொல்லாத அம்மாயி இல்லை. இந்தப் பிள்ளைகள் சேட்டைக்காக அப்படிச் செய்வதில்லை. உணவு இறங்காததால் தண்ணீர் ஊற்றித் தள்ளுகிறார்கள். சின்னக் குழந்தையாக இருந்தால் சாப்பாட்டையே மறுப்பது, வாந்தி, எடை ஏறாமை என்று நோய் தெரியும். பள்ளி வயதில் வயிற்றுவலியும் வாந்தியும் வரும். பதின்வயதில் உணவு நெஞ்சில் சிக்கும். ஆண் பிள்ளைகளிடம் இது கூடுதலாக வருகிறது. வீசிங், தோல் அரிப்பு, தும்மல் போன்ற ஒவ்வாமைகளும் பெரும்பாலும் கூடவே இருக்கும். உங்கள் மகனுக்கும் சிறு வயதில் வீசிங் இருந்ததாகச் சொல்கிறீர்கள், அதுவும் இதோடு பொருந்துகிறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மீன் முள் சிக்கினால் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்க வைப்பது நம் வழக்கம். இந்த நோய் உள்ள பிள்ளைக்கு உணவு நெஞ்சில் சிக்கினால் அதைச் செய்யவே கூடாது. ஏற்கெனவே குறுகிய இடத்தில் இன்னொன்றைத் திணிப்பதாகிவிடும். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டான் என்றால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

உணவால் இது குணமாகும் என்று எப்படித் தெரிந்தது? 1995இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் 10 குழந்தைகள் இருந்தார்கள். அமிலம் மேலேறும் நோய் என்று நினைத்துச் செய்த சிகிச்சைகள் எதற்கும் அவர்கள் மசியவில்லை. வழக்கமான உணவையெல்லாம் நிறுத்தி, புரதமே இல்லாமல் அமினோ அமிலங்களாக உடைத்த மாவைக் கரைத்து மட்டும் கொடுத்தார்கள். 8 குழந்தைகளுக்கு அறிகுறிகள் முழுதும் நீங்கின, மற்ற 2 பேருக்குக் குறைந்தன. காரணம் உணவுதான் என்று அப்போது உறுதியானது. ஆனால் அந்த மாவின் விலையும் சுவையும் யாரையும் விரட்டிவிடும். பல குழந்தைகளுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளை அதை வைத்தே வாழ முடியாது.

பிறகு 2006இல் சிகாகோ மருத்துவர்கள் பால், முட்டை, கோதுமை, சோயா, கடலை உள்ளிட்ட கொட்டை வகைகள், மீன் வகைகள் ஆகிய ஆறையும் நிறுத்திப் பார்த்தார்கள். 74% குழந்தைகளுக்குப் பலன் கிடைத்தது. 2017இல் பால், கோதுமை, முட்டை, சோயா என்ற நான்கோடு நிறுத்தியபோது 64%. அதில் பலன் பெற்ற பிள்ளைகளுக்கு உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தபோது, மிக அதிகம் பேருக்குக் காரணமாக இருந்தது பால். மற்ற மூன்றும் வெகுவாகப் பின்தங்கியிருந்தன. 2023இல் பெரியவர்களிடம் பாலை மட்டும் நிறுத்தியதையும் ஆறையும் நிறுத்தியதையும் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. பாலை மட்டும் நிறுத்தியவர்களில் 34% பேருக்கும் ஆறையும் நிறுத்தியவர்களில் 40% பேருக்கும் பலன் கிடைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம். குழந்தைகளில் பாலை மட்டும் நிறுத்தினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உணவுக்குழாய் ஆறிவிடுகிறது. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கும்போது, எட்டு வயதுப் பிள்ளையின் தட்டிலிருந்து ஆறு வகை உணவை ஒரே நாளில் எடுத்துவிட நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ரத்தப் பரிசோதனைப் பட்டியலை நினைத்து நீங்கள் பயந்திருப்பது புரிகிறது. காசைக் கொட்டி எடுத்த பட்டியலை ஓரமாக வை என்றால் யாருக்கும் மனம் வராது. ஆனால் இந்த நோயைத் தூண்டும் உணவு எது என்பதை ரத்தப் பரிசோதனையும் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் நம்பும்படி காட்டுவதில்லை. அவை பெரும்பாலும் உடனே தடிப்பு, மூச்சுத்திணறல் என்று வரும் வேறு வகை ஒவ்வாமைக்கானவை. பட்டியலில் வந்ததற்காக அரிசியையும் துவரம்பருப்பையும் கத்தரிக்காயையும் நிறுத்தினால் பிள்ளை இளைப்பான், நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் ஏதாவது உணவு சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அவனுக்கு உதடு வீங்கியோ உடம்பெல்லாம் தடித்தோ இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது பாலுக்கு வருகிறேன். பிரச்சினை பாலின் புரதத்தில் இருக்கிறது. எனவே லாக்டோஸ் நீக்கிய பால் உதவாது. எருமைப்பால், ஆட்டுப்பால், கடைகளில் ஏ2 என்று விற்கும் நாட்டு மாட்டுப்பால் எதுவும் உதவாது. அவற்றின் புரதங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. காய்ச்சினாலும் உறைய வைத்தாலும் புரதம் போய்விடாது. ஆகவே தயிர், மோர், வெண்ணெய், பன்னீர், கோவா, ஐஸ்கிரீம் எல்லாம் நிற்க வேண்டும். நெய்யிலும் புரதம் துளி தங்கியிருக்கும் என்பதால் சோதனைக் காலத்தில் அதையும் விட்டுவிடச் சொல்வேன். பாக்கெட்டின் பின்னால் பால் திடப்பொருள், அல்லது பால் புரதங்களான வே, கேசின் என்று போட்டிருந்தால் வேண்டாம். பிஸ்கட், பிரெட், சாக்லெட், டம்ளரில் கலக்கும் சத்து பானப் பொடிகள் பெரும்பாலானவற்றில் இவை உண்டு.

நான் பார்த்தவரை பால் நிறுத்தம் தோற்பது பெரும்பாலும் வீட்டுக்குள்தான். காபி, டீயை நிறுத்திவிடுவார்கள். ரசம் சாதத்தில் ஒரு சொட்டு நெய், இரவில் ஒரு கரண்டி மோர், கோயிலில் ஒரு வாய்ப் பொங்கல் நின்றிருக்காது. "கொஞ்சம்தானே" என்று அன்போடு ஊட்டுகிறவர்களைக் குற்றவாளி ஆக்காதீர்கள். எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று மருத்துவர் சொல்லும் கெடுவைக் காலண்டரில் வட்டமிட்டு, அந்தத் தேதியில் மறுபடி எண்டோஸ்கோபி இருக்கிறது என்பதை மாமியார், மாமனார் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். இடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் போனால், சோதனை முடிவில் "பாலால் இல்லை" என்று தவறாகத் தெரியும். பிள்ளை தேவையில்லாமல் கோதுமை, முட்டை, சோயா என்று அடுத்த உணவுகளையும் இழப்பான். இதைச் சொன்னால் பெரியவர்களுக்குப் புரிகிறது.

ஆடி மாதம் நம் ஊரில் கடினமான மாதம். கோட்டை மாரியம்மன் பண்டிகையில் தெருவுக்குத் தெரு ஊற்றும் கூழில் மோர் கலந்திருக்கும். வீட்டில் கம்போ கேழ்வரகோ காய்ச்சி, மோருக்குப் பதில் நீராகாரமும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கொடுங்கள். அவனும் எல்லோரையும் போலக் கூழ் குடித்ததாக இருக்கும். குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைக்குப் போகும்போது கையில் தின்பண்டம் இருக்கட்டும். தட்டுவடை செட்டு கேட்பான். தட்டுவடை அரிசி மாவில் செய்வது, ஆனால் சிலர் மொறுமொறுப்புக்கு வெண்ணெய் சேர்ப்பார்கள். விசாரித்துவிட்டு வாங்கிக் கொடுங்கள். அதன் நடுவே வைக்கும் கேரட், பீட்ரூட், சட்னியில் பிரச்சினை இல்லை.

ஆறுதலான செய்தி, நம் சமையலின் அடித்தளத்தில் பால் இல்லை. இட்லி, தோசை, சாம்பார், புளிக்குழம்பு, பொரியல், தேங்காய்ச் சட்னி எதற்கும் பால் தேவையில்லை. மேலை நாட்டுத் தாய்மார்கள் ரொட்டி, சீஸ், பாஸ்தா என்று தினசரி உணவையே மாற்ற வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்தச் சிரமம் குறைவு. ஆனால் நிறுத்துவது எளிது என்பதால் ஈடுகட்டுவதை மறந்துவிடக்கூடாது. சிகிச்சையின் பாதி அதுதான் என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 400 மில்லி பால் குடித்த பிள்ளைக்கு அதிலிருந்து மட்டும் ஏறக்குறைய 480 மில்லிகிராம் கால்சியமும் 13 கிராம் புரதமும் கிடைத்தன. ஏழு முதல் ஒன்பது வயதுக்கு நம் நாட்டுப் பரிந்துரை நாளொன்றுக்கு 650 மில்லிகிராம் கால்சியம். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, சரி. ஆனால் ஒரு வேளை அடையிலோ கஞ்சியிலோ அவன் சாப்பிடுவது 40, 50 கிராம் மாவு. எள் ஒரு மேசைக்கரண்டி நூறுக்கு மேல் தரும். முருங்கைக் கீரை, அகத்திக் கீரை நல்லவை. நெத்திலி போல முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன் இன்னும் நல்லது, ஆனால் அவன் தொண்டை ஆறும்வரை நன்றாக வேகவைத்து மசித்துத்தான். தானியத்திலும் கீரையிலும் இருக்கும் கால்சியம் முழுதும் உடம்பில் சேராது. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் ஓரளவு கூடும். இத்தனையும் செய்தாலும் பல பிள்ளைகளுக்குக் கால்சியம், வைட்டமின் டி மருந்தும் தேவைப்படும். மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள், அந்த மருந்தில் பால் பொருள் இல்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

புரதத்துக்கு உங்களுக்கு வழி நிறைய. பால் மட்டும் நிறுத்தும் கட்டத்தில் முட்டை, மீன், கோழி, நிலக்கடலை எல்லாம் கொடுக்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். கறி இறங்கவில்லை என்றால் கொத்தி வேகவைத்துக் குழம்பில் கரைத்துக் கொடுங்கள். பச்சைப்பயறு, கொள்ளு கடைசல், பொட்டுக்கடலை மாவு உருண்டை, நிலக்கடலை விழுது தடவிய தோசை. எடைக்கு நெய் போன இடத்தில் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய். ஏற்காட்டில் விளையும் பட்டர் ஃப்ரூட் கிடைக்கும் பருவத்தில் வாங்கி, வெல்லம் சேர்த்து மசித்துக் கொடுங்கள். மென்மையாக இறங்கும், கொழுப்புச் சத்தும் நிறைய. தேங்காய்ப்பாலும் பாதாம் பாலும் சுவைக்குச் சரி, ஆனால் அவற்றைப் பாலுக்கு ஈடாகக் கணக்கில் வைக்காதீர்கள். புரதமும் கால்சியமும் குறைவு.

ஜவ்வரிசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேலத்தில் அது மலிவு, ஒவ்வாமைப் பயம் இல்லாதது, வழுவழுவென்று இறங்கும். எதைக் கொடுப்பது என்று திகைக்கும் வீடுகள் மூன்று வேளையும் ஜவ்வரிசிக் கஞ்சிக்குப் போய்விடுகின்றன. அது மரவள்ளிக் கிழங்கின் வெறும் மாவுச்சத்து. புரதம் இல்லை என்றே சொல்லலாம். வயிறு நிரம்பும், உயரம் ஏறாது. எப்போதாவது தேங்காய்ப்பால் பாயசமாகக் கொடுங்கள், அதோடு போதும்.

மாதம் ஒருமுறை எடையும் உயரமும் பார்த்து எழுதி வையுங்கள். எடை நின்றுவிட்டாலோ இறங்கினாலோ கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

கெடு முடிந்ததும் எண்டோஸ்கோபி திரும்ப வேண்டும் என்பதுதான் பெற்றோருக்குக் கசக்கிறது. மயக்க மருந்து, செலவு, கோவைக்கோ சென்னைக்கோ பயணம். ஆனால் வாந்தியும் வலியும் நின்ற பிள்ளைக்கு உள்ளே புண் அப்படியே இருப்பதும் உண்டு, அறிகுறி இருந்தும் புண் ஆறியிருப்பதும் உண்டு. துணுக்கு எடுத்துப் பார்க்காமல் தெரியாது. இன்னொன்று, சோதனைக் காலத்தில் அமிலம் குறைக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ தொடங்கவோ செய்யாதீர்கள். அந்த மாத்திரையே இந்த நோயைச் சிலருக்கு ஆற்றிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று பிரித்தறிய முடியாது.

பாலை நிறுத்தியும் ஆறவில்லை என்றால் கோதுமை, முட்டை, சோயா பக்கம் போகலாம், அல்லது மருந்துக்கு மாறலாம். அந்த முடிவில் உங்கள் வீட்டு நிலைமைக்கும் பங்கு உண்டு. கோதுமையை நிறுத்துவதென்றால் சப்பாத்தி, பரோட்டாவோடு ரவை, சேமியா, மைதா, பிஸ்கட் எல்லாம் அடங்கும். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அது ரசப்பொடியிலும் சாம்பார் பொடியிலும் ஊறுகாயிலும் இருக்கும். அரிசி மாவு கலந்த பெருங்காயம் தேடி வாங்குங்கள், இல்லையென்றால் பூண்டும் சீரகமும் போதும். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு உங்கள் கேழ்வரகைப் போட விடாதீர்கள், அரிசி அரைத்த பிறகு போடச் சொல்லுங்கள். கோதுமைக்குப் பதிலாகச் சேர்வராயன் மலைக்காரர்கள் காலங்காலமாகச் சாப்பிடும் சாமையும் தினையும் இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் கிடைக்கும். சாமை உப்புமா ரவை உப்புமாவைவிட நன்றாக இருக்கும். சோயா என்றால் மீல்மேக்கர், சோயா சாஸ், சத்துமாவில் கலக்கும் சோயா. சத்துமாவைக் கடையில் வாங்காமல் வீட்டில் வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் அந்தக் கட்டத்தில் இன்னும் கவனம் வேண்டும். காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கிச்சடி வரும், மதியம் முட்டை வரும். தலைமையாசிரியருக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் மருத்துவர் கடிதத்தோடு சொல்லிவிட்டு டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்புங்கள். பிறந்தநாள் சாக்லெட்டுக்கு மாற்றாகக் கடலை மிட்டாயோ எள்ளுருண்டையோ ஆசிரியரிடம் முன்பே கொடுத்து வைத்தால், எல்லோரும் தின்னும்போது அவன் கையும் காலியாக இருக்காது.

எத்தனை காலம் என்று கேட்டீர்கள். பாலை நிறுத்தி ஆறினால், பால்தான் காரணம் என்று அர்த்தம். அதைத் திரும்பக் கொடுத்தால் பெரும்பாலும் நோயும் திரும்பும். பல உணவுகளை நிறுத்தியிருந்தால் மட்டும், ஆறிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, இடையிடையே எண்டோஸ்கோபி செய்து, குற்றமில்லாதவற்றை மீட்டுக் கொடுப்பார்கள். முன்பு உதடு வீக்கம் பற்றிச் சொன்னேன் அல்லவா? நெடுநாள் நிறுத்திய உணவைத் திரும்பக் கொடுக்கும்போது சில பிள்ளைகளுக்குத் திடீரென்று தீவிர ஒவ்வாமை வரலாம். ஆகவே "ஒரு வாய் கொடுத்துப் பார்ப்போமே" என்று வீட்டில் செய்யாதீர்கள், மருத்துவர் மேற்பார்வையில்தான்.

உணவுக் கட்டுப்பாடு வீட்டுக்குப் பாரமாகிப்போனால் மருந்துக்கு மாறுவதில் தோல்வி எதுவும் இல்லை. விழுங்கும் ஸ்டீராய்டு உணவுக்குழாயில் மட்டும் பெரும்பாலும் வேலை செய்கிறது. அதைக் கொடுத்தபின் அரை மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம். டுபிலுமாப் என்ற ஊசியை 2024 முதல் அமெரிக்காவில் குறைந்தது 15 கிலோ எடையுள்ள, ஒரு வயது நிறைந்த குழந்தைகளுக்கும் அனுமதித்திருக்கிறார்கள். விலைதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது. பரோட்டா, ஐஸ்கிரீம் என்று நண்பர்களோடு சுற்றும் வயது வந்த பிறகு அவனிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டியும் வரலாம்.

புண் ஆறிய பிறகும் அவன் மெதுவாகவே சாப்பிடுவான் என்று எதிர்பாருங்கள். வருடக்கணக்காக விழுங்கப் பயந்த பிள்ளை, வலி போனதை நம்பவே நாளாகும். வற்புறுத்தி ஊட்ட வேண்டாம். புது உணவைத் தட்டோரத்தில் வையுங்கள், தொடாமல் எழுந்தாலும் விட்டுவிடுங்கள்.

தம்பிக்குப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. உடன்பிறந்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான். ஆனால் அவனுக்கு விழுங்குவதில் சிரமம், அடிக்கடி வாந்தி, எடை ஏறாமை என்று ஏதாவது தெரிந்தால்தான் பரிசோதனை. அதுவரை அவன் பாலும் தயிரும் தாராளமாகச் சாப்பிடட்டும். கரண்டியும் டம்ளரும் மாறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.